எம்.ஏ.எச். எண்ணை மட்டும் பார்த்து பேட்டரி வாங்காதீர்கள்

சர்வீஸுக்கு ஒருவர் கேமரா ஃப்ளாஷைக் கொண்டு வந்தார். "புது பேட்டரி போட்டும் கொஞ்ச நேரத்துலயே திணறுது சார். போர்டு போயிடுச்சு போல." உள்ளே இருந்த நான்கு அல்கலைன் செல்களையும் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் காட்டியது. லோடு கொடுத்து 3 ஆம்பியர் இழுத்துப் பார்த்ததும் 0.9-க்கு விழுந்தது. போர்டில் ஒரு பழுதும் இல்லை.

எல்லா செல்லுக்கும் உள்மின்தடை, அதாவது மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் தன்மை, என்று ஒன்று உண்டு. அல்கலைன் செல்லில் அது சுமார் 0.2 ஓம். 3 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் செல்லுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 1.2 வோல்ட்தானே என்று பலரும் தயங்குகிறார்கள். ஆனால் அதன் உள்மின்தடை 0.03 ஓம் அளவில்தான் இருக்கும். அதே 3 ஆம்பியரில் இழப்பு 0.1 வோல்ட்கூட வராது. சுவர்க் கடிகாரத்துக்கு அல்கலைன் போதும். ஃப்ளாஷுக்கும் மோட்டார் உள்ள சாதனங்களுக்கும் ரீசார்ஜ் செல்தான் சரி.

அதிலும் எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, செல் எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏஏ அளவில் 2,000 முதல் 2,500 எம்.ஏ.எச். வரை நம்பலாம். நான் எப்போதும் 2,000 வகையைத்தான் சொல்வேன். 2005-ல் சான்யோவின் எனெலூப் மூலம் பரவலான இந்த வகை, சார்ஜ் செய்து ஓராண்டு சும்மா வைத்தாலும் பெரும்பகுதி மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய வகை செல்கள் சில மாதங்களிலேயே காலியாகிவிடும்.

லித்தியம் 18650 செல்லில்தான் ஏமாற்று அதிகம். 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம் உள்ள அந்த உருளைக்குள், மேலே அச்சிட்டிருக்கும் 9,900 எம்.ஏ.எச். அடங்கவே அடங்காது. நல்ல செல்களே பெரும்பாலும் 3,500 அளவில் நின்றுவிடும். தராசில் வைத்துப் பாருங்கள்: அசல் செல் பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம் இருந்தால் வாங்காதீர்கள். கொள்ளளவு அதிகமான செல் பொதுவாகக் குறைந்த ஆம்பியரே தாங்கும் என்பதையும் கவனியுங்கள். சக்திவாய்ந்த டார்ச்சுக்கு, 3,500-ல் 10 ஆம்பியர் தரும் செல்லைவிட 2,500-ல் 20 ஆம்பியர் தருவதே பொருத்தமாக இருக்கலாம். சாதனம் எவ்வளவு இழுக்கும் என்று முதலில் கேளுங்கள். ஏஏ போலவே தோற்றமளிக்கும் 14500 செல் 3.7 வோல்ட், அதை ஏஏ சாதனத்தில் போட்டுக் கருகிய போர்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிப்பதாக இருக்கட்டும். பழையதையும் புதியதையும் கலந்து போடவே வேண்டாம். பலவீனமான செல் முதலில் தீர்ந்துபோகும். மற்றவை அதன் வழியாகத் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும்போது அது எதிர்த்திசையில் சார்ஜாகி நாசமாகும்.

லித்தியம் செல்லைச் சாவிகளோடு சட்டைப்பையில் போடாதீர்கள், தயவுசெய்து. மேலுறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். பேட்டரி உப்பிவிட்டதா? அழுத்தவோ குத்தவோ வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். இரு முனைகளிலும் டேப் ஒட்டி, எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.