ஸ்கேனில் சிக்காத ஷாக்

கண்ணைப் பக்கவாட்டில் திருப்பிய நொடியில் தலைக்குள் சுரீரென்று ஒரு ஷாக். ஒரு நொடிகூட நீடிக்காது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் ஆளையே ஒரு கணம் உலுக்கிவிட்டுப் போகும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரும். டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார், எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வருகிறது. "பயப்பட ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறவர்களுக்கு உண்மையான கவலையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒன்றுமில்லை என்றால் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

முதலில் அந்த ரிப்போர்ட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் வடிவத்தை. கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம், பழைய தழும்பு இவையெல்லாம் இருந்தால் தெரியும். வழக்கமான ஸ்கேனில் ஒவ்வொரு படமும் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சீவல். நரம்பு இழை ஒன்று தேவையில்லாத நேரத்தில் துடிப்பதை அந்தச் சீவலில் பார்க்க முடியாது. ஆகவே நார்மல் என்று வந்தால் பயப்பட வேண்டிய பல பெரிய காரணங்கள் கழிந்துவிட்டன என்று அர்த்தம். அது நல்ல செய்தி. நோயாளி கற்பனை செய்கிறார் என்று அதற்கு ஒருபோதும் அர்த்தமில்லை.

சரி, மின்சாரமே இல்லாத இடத்தில் ஷாக் அடித்த மாதிரி ஏன் இருக்கிறது? உண்மையில் மின்சாரம் இருக்கிறது, மிகக் கொஞ்சமாக. ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருக்கும். தூண்டல் வந்ததும் செல் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, மின்னழுத்தம் சட்டென்று நேர்மறைக்குத் தாவி, ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தத் துடிப்புதான் இழை வழியாக ஓடுகிறது. மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய தடித்த இழைகளில் அது நொடிக்கு 100 மீட்டர் வரை போகும். உறை இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர்தான்.

ஒரு விரல் நம் கன்னத்தைத் தொட்டால் நூற்றுக்கணக்கான இழைகள் துடிக்கும், ஆனால் எல்லாம் ஒரே கணத்தில் அல்ல. அழுத்தத்துக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று முன்னும் பின்னுமாகத் துடிக்கும். அந்த ஒழுங்கை வைத்துத்தான் 'இது தொடுதல், இது சூடு' என்று மூளை பிரித்தறிகிறது. நரம்பையே நேரடியாகச் சீண்டினால் கதை மாறிவிடுகிறது. எல்லா வகை இழைகளும் ஒரே நேரத்தில் மொத்தமாகத் துடிக்கின்றன. இயல்பான எந்தத் தொடுதலும் மூளைக்கு இப்படி ஒரு செய்தியை அனுப்புவதில்லை. வெளியிலிருந்து மின்சாரம் பாயும்போதுதான் இப்படி நடக்கும். முழங்கையின் உட்பக்கத்தை மேஜை ஓரத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஓடுகிறதே, அங்கே நடப்பதும் இதுதான். இடிபட்டது முழங்கை நரம்பு, ஷாக் உணர்வது விரல் நுனி. எந்த இடத்தில் சீண்டினாலும், அந்த நரம்பு போய் முடியும் இடத்திலிருந்தே செய்தி வந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது.

தலையில் வரும் ஷாக்குகளில் பாதிக் குழப்பம் இதனால்தான். ட்ரைஜெமினல் நரம்பு முகத்தின் உணர்வையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு. மூளைத்தண்டுக்குள் அது நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் அந்த இடம் அடி வாங்குகிறது. வருடக்கணக்கில் அங்கே மயலின் தேய்ந்துபோகிறது. பிளாஸ்டிக் உறை போன கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது போல, பக்கத்து இழையின் துடிப்பு இந்த இழைக்குத் தாவுகிறது. பல் தேய்த்தால், முகம் கழுவினால், ஏன், மின்விசிறிக் காற்று பட்டாலே போதும், தாடையிலோ கன்னத்திலோ சுளீரென்று பாயும். ஒரு தாக்குதல் ஒரு நொடிக்கும் குறைவிலிருந்து இரண்டு நிமிடம் வரை இருக்கலாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். இதைப் பல் வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஏராளம். பல் போன பிறகும் ஷாக் போகாது, காரணம் பல்லில் இல்லையே.

இதற்குக் கொடுக்கும் கார்பமசிபைன் வேலை செய்யும் விதமே கோளாறு எங்கே என்று காட்டிவிடுகிறது. அது வலி நிவாரணி அல்ல, வலிப்பு நோய்க்கான மருந்து. ஓயாமல் திறந்து மூடும் சோடியம் வாயில்களைப் பிடித்துவைத்து, அளவுக்கு மீறித் துடிக்கும் இழைகளை மட்டும் அடக்குகிறது. மருந்து பலிக்காதவர்களுக்கு நரம்பையும் ரத்தக்குழாயையும் பிரித்து நடுவில் ஒரு சிறு பஞ்சுத்துண்டு வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1960களில் அமெரிக்க அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா இதை வளர்த்தெடுத்தார். அந்த உரசலைப் பார்க்க வழக்கமான எம்.ஆர்.ஐ. போதாது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சீவல்களாக எடுக்கும் தனி ஸ்கேன் தேவை. ஒரு ஸ்கேன் நார்மல் என்றவுடன் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியவில்லை.

ஷாக் பிடரியில் தொடங்கி உச்சந்தலை நோக்கி ஓடினால் சந்தேகம் ஆக்ஸிபிடல் நரம்பின் மேல் விழும். கழுத்தின் மேல் முனையில் கிளம்பி, பிடரித் தசைகளைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் நரம்பு அது. அது வெளிவரும் இடத்தை விரலால் அழுத்தினால் வலியோ அதே சுருக்கென்ற உணர்வோ வருகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில மணி நேரத்துக்காவது ஷாக் நின்றால், நோயும் தெரிந்துவிடுகிறது, நிவாரணமும் கிடைத்துவிடுகிறது. தலையைக் குனியும்போது முதுகுத்தண்டு வழியாகக் கைகால்களுக்குப் பாய்வது வேறு வகை, லெர்மிட் அறிகுறி என்பார்கள். அது கழுத்துத் தண்டுவடத்தைப் பரிசோதிக்கச் சொல்லும் குறி. நரம்புகளின் மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயிலும் வைட்டமின் பி12 குறைபாட்டிலும் வரும். ஐஸ் ஊசி குத்துவது போலச் சில நொடிகள் மட்டும் அங்கங்கே குத்திவிட்டு மறைந்தால் அது பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒரு தலைவலி வகை.

கடைசியாக, பலரை வாட்டுவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான ஒன்று. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எடுத்த மாத்திரையை நிறுத்தும்போதும் குறைக்கும்போதும், சில நேரம் ஒரு வேளை மறந்தால்கூட, தலைக்குள் ஷாக் அடிக்கிறது. கண்ணைப் பக்கவாட்டில் அசைத்தால் அது கிளம்பும் என்று பலரும் சொல்கிறார்கள். மூளைக்குள் இதை எது உண்டாக்குகிறது என்று அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் மருந்து உடலை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவுக்குத் தொந்தரவு கூடுகிறது என்பது தெளிவு. இந்த வகை மாத்திரைகளில் வென்லாஃபாக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய 5 மணி நேரம் போதும், பாராக்ஸெடினுக்குச் சுமார் ஒரு நாள். ஷாக் அதிகம் வருவது இந்த இரண்டில்தான். ஃப்ளூவாக்ஸெடின் பல நாட்கள் தங்குகிறது, அதில் குறைவு.

அளவைக் குறைப்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதே வகை மாத்திரையான சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம் எடுத்தால், நரம்பு செல்கள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற ரசாயனத்தை மூளையில் திரும்ப உறிஞ்சும் புரதங்களில் சுமார் 80 சதவீதத்தை அது அடைக்கிறது. 40 மில்லிகிராம் எடுத்தாலும் அது கொஞ்சம்தான் கூடும். ஆனால் சுமார் 5 மில்லிகிராமில்கூட இன்னும் 60 சதவீதம் அடைபட்டிருக்கும். அதாவது 40லிருந்து 20க்கு இறங்குவது மூளைக்குச் சின்னப் படி. கடைசி 5லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது பெரிய பள்ளம். முதலில் சுலபமாகக் குறைத்துவிட்டு, கடைசியில் போய்த் தவிப்பவர்களின் அனுபவத்துக்கு இதுதான் விளக்கம். அடியில் இறங்க இறங்க இன்னும் சிறிய படிகளாக, மாதக்கணக்கில் இறங்க வேண்டியிருக்கலாம். மாத்திரையை நீங்களாகவே துண்டு போடாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசியே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது.

தூங்கப் போகும் தறுவாயில் மட்டும் தலைக்குள் வெடிச்சத்தமோ வெளிச்சமோ ஷாக்கோ வந்து திடுக்கிட வைத்தால், அது தூக்கத்துக்குள் நுழையும் வழியில் மூளை தடுக்கி விழும் ஒரு நிலை. பயமுறுத்தும், ஆனால் கேடு செய்யாது. தூக்கம் கெட்ட நாட்களில் கூடுதலாக வரும்.

இப்படி வகைகள் பல என்பதால், ஸ்கேன் சொல்லாததை நோயாளியின் குறிப்பு சொல்லிவிடுகிறது. எந்த இடத்தில் தொடங்கி எங்கே ஓடியது, எத்தனை நொடி, ஒரு பக்கமா இரு பக்கமா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தொட்டதால் வந்ததா, கழுத்தை வளைத்ததாலா, கண்ணை அசைத்ததாலா, முந்தின நாள் எந்த மாத்திரையை எப்போது போட்டீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்? ஒரு ஷாக்குக்கு இரண்டு வரி, போனிலேயே தட்டிவைக்கலாம். "அடிக்கடி தலையில் கரண்ட் பாய்கிறது" என்று சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு, "வலது தாடையில், குளிர்ந்த நீர் பட்டதும், ஐந்து நொடி" என்று சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. வாழ்நாளில் இல்லாத கடுமையான தலைவலி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போனால், கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ பார்வை மங்கலோ கூடவே வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். 50 வயதைத் தாண்டி முதல் முறையாகத் தலைவலி வந்து, நெற்றிப்பொட்டு தொட்டாலே வலித்தால், மெல்லும்போது தாடை வலித்தால், அன்றே காட்ட வேண்டும்; அது பார்வையைப் பறிக்கக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ஷாக்கின்போது ஒரு கணம் நினைவு தப்பினால் அது வலிப்பா என்று, மூளையின் மின்துடிப்புகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது.