பிரிக்காத மாத்திரை அட்டை

“ஏழாவது வாரம் டாக்டர்” என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார் அந்தப் பெண். முகமெல்லாம் சிரிப்பு. கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, மகப்பேறு மருத்துவர் அன்று காலையில் எழுதிக்கொடுத்த ஃபோலிக் ஆசிட் என்ற பி வகை வைட்டமின். இன்னும் பிரிக்கவே இல்லை. இன்னொன்று வால்ப்ரோயேட், வலிப்புக்கும் தரப்படும் மருந்து; மிகையான உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் கோளாறுக்காக மூன்று வருடமாகச் சாப்பிட்டுவருவது. அதில் நான்கு மாத்திரைதான் மிச்சம். எனக்கு மனசு கனத்துவிட்டது.

காரணம், நாள் கணக்கு. கரு தரித்த முதல் நான்கு வாரத்துக்குள், அதன் முதுகுப் பக்கத்தில் தட்டையாக இருக்கும் திசு இரண்டு ஓரமும் மடிந்து ஒரு குழாயாக மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வளர்கின்றன. இந்த வேலை ஏறக்குறைய 28ஆம் நாளோடு முடிந்துவிடும். கீழ்ப்பகுதி மூடாமல் போனால் ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகெலும்பு சரியாக மூடாத பிறவிக் குறை. மேல்பகுதி மூடாமல் போனால் மூளையும் மண்டையோடுமே சரியாக உருவாகாது. 28ஆம் நாள் என்றால், மாதவிலக்கு தள்ளிப்போய் வெறும் இரண்டு வாரம். சோதனை செய்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்குவதற்குள் பல பேருக்கு அந்த நாள் கடந்துவிடுகிறது.

இந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் ஆசிட் உதவுகிறது. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தொடங்கி, 12 வாரம் வரை எடுக்கச் சொல்கிறோம். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்தவர்களுக்கும், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு சுமார் பத்து மடங்கு வரை கூடலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடலில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தால், அதிக ஃபோலிக் ஆசிட் அந்தக் குறையை வெளியே தெரியாமல் மறைத்துவிடக்கூடும்.

சரி, வால்ப்ரோயேட்டுக்கு வருவோம். கர்ப்பத்தில் இதை எடுத்தால் நூறில் சுமார் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருகிறது. முப்பது, நாற்பது பேருக்குப் பேச்சிலோ கற்றலிலோ நடத்தையிலோ பின்னடைவு வருகிறது. ஃபோலிக் ஆசிட்டை எவ்வளவு கூட்டினாலும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு, வேறு வழி இருக்கும்போது இதை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்காக, இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். நோய் திரும்பினால் தாய்க்கும் கருவுக்கும் அதுவும் ஆபத்துதான். உடனே மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றினோம். இருபதாவது வார ஸ்கேனில் முதுகெலும்பு நன்றாக இருந்தது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நான் அந்த மாத்திரையை ஒழுங்கா போடாததாலயா டாக்டர்?” எங்கோ படித்திருப்பார்கள். நார்வேயில் 85,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. கருத்தரிக்கும் காலத்தை ஒட்டி ஃபோலிக் ஆசிட் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளிடம் ஆட்டிசம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது; காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. மாத்திரையை ஒரு நாள் விடாமல் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கும் அது வருகிறது. அந்த அம்மாவின் மேல் பழி போட இந்த ஆய்வில் இடமே இல்லை.

அப்புறம், பிரிக்காத அட்டை இன்னொன்றையும் சொல்லும். ஐந்தாவது மாதத்தில் ஒருவரை அவர் கணவர் அழைத்து வந்தார். “எத்தனை தடவை சொன்னாலும் மாத்திரை போட மாட்டேங்கிறா, பொறுப்பே இல்லை” என்பது புகார். இரும்பு, கால்சியம் எல்லாம் அப்படியே இருந்தன. தூக்கம் எப்படி என்று மட்டும் கேட்டேன். பதிலே இல்லை, அழுகைதான். உலக அளவில் கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு அது இன்னும் சற்று அதிகம். எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவருக்கு மாத்திரை எப்படி நினைவிருக்கும்? மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளில் பத்தே கேள்விகள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். எல்லாக் கர்ப்பப் பரிசோதனையிலும் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல இதையும் கேட்க வேண்டும்.

ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு வந்தபோது, கணவர் முந்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். “இருங்க, நானே சொல்றேன்” என்று அவரை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணே பேசினார்.