பேரேட்டுக்குப் பின்வாசல் வேண்டாம்

மாதக் கணக்கு முடித்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை இரண்டு தாள்களை என் முன் வைத்தார். ஒன்று விற்பனையை ஜிஎஸ்டி துறைக்குத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கை, மற்றது பேரேட்டுக் கணக்குகளின் மொத்தங்களைக் காட்டும் இருப்பாய்வு. முதல் தாளில் இருந்த விற்பனை வரி, இரண்டாவதில் இருந்ததைவிட 38,412 ரூபாய் அதிகம். "ஏன் தம்பி, கம்ப்யூட்டர்கூடக் கூட்டலில் தப்பு விடுமா?" என்றார். முப்பது வருடம் கையால் பேரேடு எழுதியவர். கேலியா, கவலையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கோவைப் பக்கம் குழாய், மோட்டார் சாமான் விற்கும் ஒரு கூட்டாண்மைக் கடை அது. கணக்கு ஓடுவது ஈஆர்பிநெக்ஸ்ட்டில். மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய திறமூல மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தொழிலுக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம். இவர்களும் நீட்டியிருந்தார்கள். கவுண்டரில் நின்றபடி பில் போட, மூன்றே பொத்தான்கள் கொண்ட தனித் திரை ஒன்றைத் தெரிந்த இளைஞர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். குறை சொல்ல மனம் வராத அளவுக்கு அழகான திரை. ஏற்றுமதி நிறுவனத்துக்கும் பெட்டிக்கடைக்கும் சேர்த்துச் செய்த அசல் திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்களைப் பார்த்தால், கவுண்டரில் இருப்பவர் தனித் திரை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அங்கே விற்பது பெரும்பாலும் 18 சதவீத வரிச் சரக்கு. 38,412 ரூபாய் வரி என்றால் 2,13,400 ரூபாய் விற்பனை. புதுத் திரை வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதில் போட்ட 43 பில்களைக் கூட்டினோம். காசு பிசகாமல் அதே 2,13,400.

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒரு பில் வரைவாக இருக்கும்போது அதன் நிலை 0, சமர்ப்பித்தால் 1, ரத்து செய்தால் 2. பூஜ்யம் ஒன்றாக மாறும் அந்த நொடியில்தான் எல்லாம் நடக்கிறது. வாடிக்கையாளர் கணக்கில் பற்று விழுகிறது, விற்பனைக்கும் வரிக்கும் வரவு விழுகிறது, கடன் வரம்பு சரிபார்க்கப்படுகிறது, அப்படி அமைத்திருந்தால் குடோன் இருப்பும் குறைகிறது. அந்த இளைஞரின் திரையோ மென்பொருளைக் கேட்காமலே அதன் பதிவுகள் இருக்கும் மரியாடிபி தரவுத்தளத்துக்குள் நேரே போய், பில் அட்டவணையில் ஒரு பதிவை எழுதி, நிலை என்ற இடத்தில் 1 போட்டுவிட்டது. சம்பளம் கொடுக்காமலே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய மாதிரி. ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கை பில் அட்டவணையைப் படிக்கிறது, அதனால் 43 பில்லும் அங்கே தெரிந்தன. இருப்பாய்வு பேரேட்டுப் பதிவுகளைப் படிக்கிறது. அங்கே ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் ஒழுங்கான வழி கடினமானதே அல்ல. வெளியே எழுதிய திரைகள் உள்ளே வர, இதே மென்பொருளில் ஏபிஐ என்ற முறையான வாசல் இருக்கிறது. பில்லை அதன் வழியாக அனுப்பிச் சமர்ப்பித்தால் மேலே சொன்ன அத்தனையும் தானாக நடக்கும். அரை நொடி கூடுதலாக ஆகலாம். அந்த அரை நொடியை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் உட்கார்ந்தோம். காப்புப்பிரதி எடுத்து, அந்த 43 பில் பதிவுகளை நீக்கி, அதே எண்ணில் அதே தேதியில் மறுபடி சமர்ப்பித்தோம். பின்தேதியில் சரக்கு வெளியேறியதால் அதற்குப் பிந்தைய இருப்பு மதிப்பும் மறுகணக்காக ஓடியது.

அது கூட்டாண்மைக் கடை என்பதால் ஒரு தலைவலி இல்லாமல் தப்பித்தோம். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் இருந்தே ஆக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது விதி. தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று ஆடிட்டர் தம் அறிக்கையில் எழுதவும் வேண்டும். தரவுத்தளத்தில் நேரே எழுதினால் மென்பொருளின் தடத்தில் எதுவும் பதியாது.

அடுத்த சிக்கல் நான் மென்பொருள் வேலை பார்க்கும் வேறொரு இடத்தில் பார்த்தது. விற்பனைப் பிரதிநிதி கைப்பேசியில் பில்லைப் பதிந்து பொத்தானை அழுத்துகிறார். மலைப்பாதை, சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பில் சர்வரில் பதிவாகிவிட்டது, பதில்தான் திரும்பவில்லை. மனிதர் மறுபடி அழுத்துகிறார். ஒரே விற்பனைக்கு அடுத்தடுத்த எண்களில் இரண்டு பில்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு, 2023 ஆகஸ்ட் முதல் பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லில் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிந்து குறியீடு வாங்குவது, கட்டாயம். அரசுத் தளம் தரும் 64 எழுத்துக் குறியீடு, விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து பிறக்கிறது. ஒரே பில் எண் இரண்டு முறை போனால் தளம் தடுத்துவிடும். ஒரே விற்பனை வேறு எண்ணில் போனால் அதற்குத் தெரிய வழியில்லை, இரண்டாவது குறியீட்டையும் கொடுத்துவிடும். 24 மணி நேரத்துக்குள் கவனித்தால் தளத்திலேயே ரத்து செய்யலாம். அதன் பிறகு, அந்த விற்பனையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட்தான். இதற்கு மருந்து, பில்லைத் தொடங்கும்போதே கைப்பேசி தன் பங்குக்கு ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணை அனுப்புவது. சர்வரில் அதற்கென ஒரு கட்டம் சேர்த்து, 'இரட்டிப்பு கூடாது' என்று டிக் அடித்தால் போதும். இரண்டாவது அழுத்தல் வாசலிலேயே நின்றுவிடும்.

நீட்டுவதை எங்கே எழுதுவது என்பதற்கு மென்பொருளே வழிகாட்டுகிறது. 2022இல் வந்த 14ஆம் பதிப்பில் இந்திய ஜிஎஸ்டி வேலைகள் முழுவதும் மூலநிரலிலிருந்து பிரிக்கப்பட்டு, இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனிச் செயலியாகின. வரிவிதி மாறினால் அந்தச் செயலியை மட்டும் புதுப்பித்தால் போதும். மூலநிரலில் கைவைத்துத் திருத்தியவர்களோ, ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பழைய திருத்தங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குழாய்க் கடையில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சரிபார்ப்பை ஓட விட்டேன். நிலை 1 இருந்தும் பேரேட்டில் பதிவு இல்லாத பில் ஏதாவது இருந்தால் கணக்குப்பிள்ளைக்குக் குறுஞ்செய்தி போகும். மூன்று வாரம் எதுவும் போகவில்லை. ஒரு நாள் அவரே அழைத்தார். "எல்லாம் சரியாக இருப்பதால் வரவில்லையா, இல்லை உங்கள் சரிபார்ப்பே நின்றுவிட்டதா, எனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

அன்று இரவிலிருந்து பிழை இல்லாத நாளிலும் '0' என்று ஒரு செய்தி போகிறது.