நிலவுத் தூசியும் நுரையீரலும்

1972 டிசம்பரில் நிலவில் நடந்துவிட்டுக் கலத்துக்குள் திரும்பிய அப்பல்லோ 17 வீரர் ஹாரிசன் ஷ்மிட் தலைக்கவசத்தைக் கழற்றியதும் தும்மல் பிடித்துக்கொண்டது. மூக்கு அடைத்தது. உடையில் ஒட்டி வந்த தூசியில் வெடிமருந்து நெடி. அன்றைக்கே சரியாகிவிட்டது. மனிதர்களை மீண்டும் நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் என்றால் எல்லோரும் ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நெஞ்சக மருத்துவரான எனக்கு அந்தத் தும்மல்தான் முக்கியம். ஷ்மிட் தங்கியது மூன்று நாள். இனிப் போகிறவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்க வேண்டும்.

நிலவில் காற்றும் மழையும் இல்லாததால் தூசியின் கூர்முனை மழுங்குவதே இல்லை. ஈர்ப்பு விசையும் ஆறில் ஒரு பங்குதான். மூச்சில் ஏறிய நுண்துகள் வழியில் படியாமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

அடிவரை போன தூசி என்ன செய்யும் என்பதைக் கல் குவாரித் தொழிலாளர்களிடம் பார்க்கிறேன். காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் மேற்பகுதி முழுக்க ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். சிலிக்கோசிஸ்: கல்தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய். “எத்தனை நாளில் சரியாகும், டாக்டர்?” என்பார்கள். அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது.

சிலிக்கோசிஸை உண்டாக்குவது கல்தூசியில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம். நிலவுத் தூசியில் அது மிகக் குறைவு. அதனால் சிலிக்கோசிஸ் வந்தே தீரும் என்று பயமுறுத்த மாட்டேன். அப்பல்லோ கொண்டுவந்த தூசியை எலிகளைச் சுவாசிக்க வைத்து நாசா சோதித்தது. அவ்வளவாகத் தீங்கு செய்யாத டைட்டானியம் டை ஆக்சைடு தூசியைவிட நச்சு அதிகம், குவார்ட்ஸைவிடக் குறைவு என்று தெரிந்தது. ஆறு மாதம் வரை தங்குவோருக்குக் கலத்தின் காற்றில் கன மீட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

வரம்பைக் காப்பாற்ற முகமூடியை நம்பவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. விண்வெளி உடையை வெளியிலேயே மாட்டி வைத்துவிட்டு, அதன் முதுகுப்பக்கத் திறப்பு வழியாகக் கலத்துக்குள் நுழையும் யோசனை இருக்கிறது. மின்புலத்தால் தூசியை உதறும் கருவியை 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் என்ற ஆளில்லாக் கலம் நிலவிலேயே சோதித்துப் பார்த்தது.

குவாரியிலும் முறை இதுதான்: தண்ணீர் விட்டுத் துளையிடுங்கள், தூசி படிந்த உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருடமாக என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.