ஆடிக்காற்றுக்கு அடைத்த வீடு ஐப்பசியில் வேர்க்கும்

ஆனி பிறந்தால் வீடு பழுதுபார்க்கிற எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான்: “வீட்டுக்குள்ள காத்து நிக்காம அடிக்குது, எல்லா ஓட்டையையும் அடைச்சுத் தாங்க.” ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி நம்ம குமரி மாவட்டக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். தோவாளைப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் ஆடி முழுக்கத் தூசி கொட்டும். கல்குளம், விளவங்கோடு பக்கம் என்றால் சாரல் கட்டில் வரைக்கும் வரும். அதனால் அடைக்கச் சொல்வது நியாயம்தான். எதை அடைப்பது, எதை விடுவது என்பதில்தான் வீட்டைக் கெடுத்துக்கொள்கிறோம்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, வயதான அம்மா தனியாக இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவுக்குக் குளிரக்கூடாது என்று பணம் அனுப்பி, ஓட்டுக்கு அடியில் ஜிப்சம் சீலிங் போட்டு, ஜன்னலுக்கு மேலிருந்த வெண்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து மூடி, சுவர் முழுக்க சிமெண்ட் பூசி பெயிண்டும் அடித்துவிட்டார். ஐப்பசி மழையில் என்னைக் கூப்பிட்டார்கள். “காத்து வருதுண்ணு அடச்சோம் மக்கா, இப்பம் செவரு வேர்க்குது” என்றார் அந்த அம்மா. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் ஈரத்தில் ஊறி, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன.

காரணம் எளிது. சமையல், குளியல், உள்ளே காயப்போடும் துணி, நம் மூச்சு எல்லாமே வீட்டுக்குள் ஈரத்தைச் சேர்க்கின்றன. முன்பு சூடான ஈரக்காற்று மேலே ஏறி வெண்டிலேட்டர் வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் போய்விடும். சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உறிஞ்சி வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமெண்டும் பெயிண்டும் பூசினால் சுவருக்குள் போன ஈரம் அங்கேயே கிடக்கும். நமக்கு இரண்டு பருவமழை, சுவர் காய்வதற்கு இடைவெளி குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் இடைவெளி விட்டு மரச் சட்டம் அடித்த அந்த அழிகளையும் தாழ்ந்து இறங்கும் கூரையையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், மழையைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் வேலையை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்!

சரி, எங்கே அடைப்பது? காற்று பலமாக அடிக்கிற ஒரு நாளில் எல்லாவற்றையும் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரு ஊதுபத்தியை நிலை ஓரம், கதவடி, சுவரும் கூரையும் சேரும் இடம் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. ஆள் படுக்கும், உட்காரும் உயரத்தில், காற்று மோதும் பக்கத்தில் இருப்பவற்றை ரப்பர் பட்டையோ கதவடிப் பட்டையோ வைத்து அடையுங்கள். உடைந்த கூரை ஓடுகளை மாற்றுங்கள். மேலே இருக்கும் வெண்டிலேட்டரைத் தொடாதீர்கள். சாரல் வந்தால் வெளியே சாய்வாகப் பலகை அடுக்கி வலை போட்டால் போதும், வலையில் தூசி அடைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏசி அறை வேறு கதை. அதை நன்றாகவே அடைக்கலாம், அடைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து கசியும் ஈரக்காற்று குளிர்ந்த சீலிங்கில் பட்டுத் தண்ணீராகும். ஆனால் சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

அடுக்களையில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும், அதனால் கீழேயும் ஒரு திறப்பு வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டுக் காற்று உள்ளே வர வழி விடாவிட்டால், விறகடுப்புப் புகையைக் குழாய் வழியே திரும்ப உள்ளேதான் இழுக்கும். அடைத்த குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இன்றே ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

தக்கலை வீட்டில் வெண்டிலேட்டர்களைத் திறந்து, சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம், மூன்று கழுக்கோல் மாற்ற வேண்டியதாயிற்று. சுவர் காய ஒரு கோடை முழுக்க ஆனது. அதுவரை பெயிண்ட் வேண்டாம் என்று அந்த அம்மாதான் மகனிடம் போனில் சண்டை போட்டு நிறுத்திவைத்தார்.