ஓப்பன் சோர்ஸ்தானே என்று எடுத்து ஒட்டுவதற்கு முன்

மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். போகும் இடத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் பார்க்கச் சொல்வார்கள். "ஓப்பன் ஆபீஸ்ல டாக்எக்ஸா சேவ் ஆக மாட்டேங்குது சார், பக்கத்து மில்லுல லிப்ரே ஆபீஸ்ல ஆகுதே, ரெண்டும் ஒண்ணுதானே?" என்ற கேள்வி அடிக்கடி வரும். (டாக்எக்ஸ் என்பது வேர்ட் கோப்பு வகை.) லிப்ரே ஆபீஸைப் போட்டுவிட்டால் கணக்கருக்கு வேலை முடிந்தது. ஆனால் லிப்ரே ஆபீஸில் இருக்கும் வசதியை ஓப்பன் ஆபீஸில் ஏன் கொண்டுவரவில்லை என்பது, நிரல் எழுதும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இரண்டும் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்கள். வேரும் ஒன்றுதான். 2010 ஜனவரியில், ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அந்த செப்டம்பரிலேயே பங்களிப்பாளர்களில் பலர் பிரிந்துபோய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். 2011இல் ஆரக்கிள் பழைய ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. அங்கே அப்பாச்சி 2.0 லைசென்ஸ்: பதிப்புரிமை அறிவிப்புகளை விட்டுவைத்து, லைசென்ஸ் நகலைச் சேர்த்து, மாற்றிய கோப்புகளில் மாற்றியதைக் குறிப்பிட்டால் போதும், நிரலை மாற்றி மூடிய மென்பொருளாகக்கூட விற்கலாம். லிப்ரே ஆபீஸ் பக்கம் எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற லைசென்ஸ்கள். மாற்றி வெளியிட்டால் மாற்றிய பகுதியின் மூல நிரலையும் தர வேண்டும்.

ஆகவே அப்பாச்சி நிரலை லிப்ரே ஆபீஸ் தாராளமாக எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறது. 2012இல் தன் நிரலையே அந்த அடித்தளத்தின் மேல் திருப்பி அமைத்துத்தான் எம்பிஎல்லுக்கு வந்தது. எதிர்த் திசையில் வழி இல்லை; தலைமடைத் தண்ணீர் கடைமடைக்கு வரும், கடைமடையிலிருந்து மேலே ஏறாது. (ஓப்பன் ஆபீஸில் வேலை செய்ய ஆட்கள் குறைந்துபோனதும் ஒரு காரணம். பழியை முழுக்க லைசென்ஸ் மேல் போட முடியாது.) ஒரு விதிவிலக்கு உண்டு. தான் எழுதிய பகுதிக்குப் பதிப்புரிமை தன்னிடமே இருந்தால், அதை எழுதியவரே இரண்டு லைசென்ஸிலும் கொடுக்கலாம்.

ஃபோர்க் (ஒரு நிரலிலிருந்து பிரிந்து தனி புராஜெக்டாகப் போவது) என்றாலே பகை என்று நினைப்பதும் சரியில்லை. 2011இல், வீடியோ, ஆடியோ கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கிலிருந்து லிப்ஏவி பிரிந்தபோது சண்டை நிஜமாகவே பெரிது. ஆனால் லைசென்ஸ் ஒன்றாகவே இருந்ததால், லிப்ஏவியில் நடந்த மாற்றங்களை எஃப்எஃப்எம்பெக் தொடர்ந்து தன்னிடம் சேர்த்துக்கொண்டே வந்தது. லிப்ஏவிக்கு மாறியிருந்த டெபியன் லினக்ஸும் 2015இல் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது.

தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "ஓப்பன் சோர்ஸ்தானே சார், எடுத்துப் போட்டுட்டேன்". எந்த வெர்ஷனிலிருந்து என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தக் கேள்விதான் முக்கியம். சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெராஃபார்ம், 2023 ஆகஸ்டில் எம்பிஎல்லை விட்டு, போட்டியாளர்களின் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைக்கும் பிஎஸ்எல் லைசென்ஸுக்கு மாறியது. அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது. 2024 ஏப்ரலில், புதிய லைசென்ஸின் கீழ் வந்த நிரலை எடுத்துவிட்டதாக ஓப்பன்டோஃபுவுக்கு டெராஃபார்ம் தரப்பிலிருந்து வக்கீல் கடிதமே வந்தது. அவர்கள் மறுத்து, எம்பிஎல் காலத்துப் பழைய நிரலிலிருந்தே எழுதினோம் என்று வரிவரியாக எடுத்துக் காட்டினார்கள். மாற்ற வரலாறு ஒழுங்காக இருந்ததால் காட்ட முடிந்தது. நம் ஊர் பில்லிங் மென்பொருளுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் எதைக் காட்டுவோம்?

அதனால் என்னிடம் வேலை செய்பவர்கள் வெளியிலிருந்து நிரல் எடுத்தால், எந்த புராஜெக்ட், எந்த வெர்ஷன், அன்றைக்கு என்ன லைசென்ஸ் என்பதை கமிட் செய்தியிலேயே (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பிலேயே) எழுத வேண்டும். கோப்பின் தலையில் இருக்கும் பதிப்புரிமை வரிகளை அழிக்கக் கூடாது. லைசென்ஸே இல்லாமல் பொதுவில் கிடக்கும் நிரலைப் பலர் இலவசம் என்று நினைக்கிறார்கள். சட்டப்படி அது முழு உரிமையும் எழுதியவரிடமே உள்ள நிரல். அவருக்கு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலையும் நிரலோடு சேர்த்து வையுங்கள்.