கறளை உரஞ்சுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள்

பழைய இரும்புச் சாமான்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போதோ, ஊரில் தாத்தாவின் வளவைத் துப்புரவாக்கிவிட்டு யாராவது கொழும்புக்குத் திரும்பும்போதோ எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். "அண்ணா, இது என்ன சாமான்?" கேள்வி சந்தோஷம்தான். ஆனால் பல படங்களில் அந்தச் சாமான் ஏற்கனவே பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்து வெல்டிங் கடையில் கொடுத்து, கிரைண்டரில் கம்பி பிரஷைப் பூட்டி, கறளோடு சேர்த்து நான் பார்க்க வேண்டியிருந்ததையும் உரஞ்சி எடுத்திருப்பார்கள்.

இப்படி வருபவை பெரும்பாலும் கொல்லர் பட்டறைக் கருவிகள். கொல்லர்கள் தங்கள் கருவிகளில் பலவற்றைத் தாங்களே அடித்துச் செய்துகொண்டவர்கள். அதனால் ஒரு கம்பெனிப் பட்டியலைப் புரட்டி இதுதான் அது என்று சொல்லிவிட முடியாது. எங்கே அடி விழுந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தடங்கள் எல்லாம் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பவை.

உதாரணத்துக்கு, அடிக்கடி ஆட்களைக் குழப்பும் ஒன்று: உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமான இரும்புத் தட்டு, நடுவில் ஓர் அச்சு, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி. ரொட்டி வெட்டுவது என்பார்கள், தோல் வெட்டுவது என்பார்கள், ஒருவர் காணி அளக்கிற கருவி என்றார் (அவர்தான் கிட்ட வந்தவர்). வெட்டுவது என்றால் விளிம்பு கூராக இருக்க வேண்டும், தீட்டிய கோடுகள் தெரிய வேண்டும். இதில் விளிம்பு மொட்டை. அடிபட்ட தடமும் இல்லை, நெருப்பில் போன அடையாளமும் இல்லை. ஆனால் தட்டின் ஓரத்தில் உளியால் போட்ட ஒரே ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அந்தக் கோடு ஒன்றே போதும், இது வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை போடுகிறவரின் அளவுச் சக்கரம்.

வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் பிடித்தது. மாட்டு வண்டியின் மரச் சில்லில் சோக்கால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் வெட்டுக்கோட்டைப் பொருத்தி, சில்லின் வெளிவட்டத்தைச் சுற்றி இந்தத் தட்டை உருட்டுவார்கள். எத்தனை சுற்று, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டு, பிறகு நீட்டிக் கிடக்கும் இரும்புப் பட்டையின்மேல் அதே அளவுக்கு உருட்டுவார்கள். அங்குலமும் வேண்டாம் அடியும் வேண்டாம், அதனால்தான் பலவற்றில் ஓர் எண்கூட இருக்காது. பட்டை வளையும்போது வெளிப்பக்கம் இழுபட்டு உட்பக்கம் நெருக்குண்டு அளவு குறையும் என்பதால் பட்டையின் கனத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகச் சேர்ப்பார்கள். பிறகு சில்லை இறுக்கிப் பிடிக்கட்டும் என்று அதில் கொஞ்சம் குறைப்பார்கள். 4 அடி விட்டமுள்ள சில்லின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. அந்த இரும்பு வளையத்தை 500 பாகை அளவுக்குச் சூடாக்கினால் அது 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அந்தச் சூட்டோடு எடுத்து மரத்தில் மாட்டி, மரம் எரிந்துபோக முன்னர் தண்ணீரை ஊற்றினால் வளையம் சுருங்கி எல்லா மூட்டுகளையும் கட்டிப்போட்டுவிடும். இவ்வளவு கதைக்கும் சாட்சி அந்த ஒரு வெட்டுக்கோடு, அதுவும் கிரைண்டரில் அரை நிமிடம் தாங்காது.

சுத்தியல் போலவே இருந்தும் சுத்தியல் இல்லாதவை அடுத்தது. ஒரு பக்கம் சதுரமாக, தட்டையாக, வழுவழுப்பாக இருக்கும். மறுபக்கம் அடிவாங்கி வாங்கி ஓரம் மடிந்து விரிந்திருக்கும். இதை யாரும் ஓங்குவதில்லை. சிவந்த இரும்பின்மேல் கொல்லர் இதை வைத்துப் பிடிக்க, எதிரில் நிற்பவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். மேடு பள்ளத்தை மட்டமாக்கத்தான் அந்தத் தட்டை முகம். முகம் உருண்டையாக இருந்தால் இரும்பில் பள்ளம் விழுத்த, கூராக இருந்தால் வெட்ட. கைபிடி ஆடுகிறது என்று பலர் ஆப்பு அடித்து இறுக்கிவிடுகிறார்கள். அது ஆடத்தான் வேண்டும், அடியின் அதிர்வு கைக்கு ஏறாமல் இருக்கத்தான் தளர்வாக விட்டிருக்கிறார்கள்.

அடியில் சதுரக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அது அடைகல்லின் (கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டை) சதுரத் துளையில் நிறுத்தி வைக்கும் சாமான். கனமான தட்டில் ஒரு துளை, ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் விரிந்திருந்தால் ஆணிக்கோ போல்ட்டுக்கோ தலை அடிப்பது, விரிந்த பக்கம் கீழே. ஆணி சிக்காமல் கழன்று விழ வேண்டுமல்லவா.

சரி, எழுத்துகள். பிரித்தானியக் காலத்து அடைகல்லின் பக்கவாட்டில் 1 2 14 என்பதுபோல மூன்று எண்கள் இடைவெளி விட்டு இருக்கும். அதை ஆண்டு என்று நினைத்து விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எடை: முதல் எண்ணை 112 இறாத்தலாலும் இரண்டாவதை 28 இறாத்தலாலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்ட வேண்டும். இந்த உதாரணத்தில் 182 இறாத்தல், கிட்டத்தட்ட 82.5 கிலோ. சி.ஜி.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சிலோன் கவர்ன்மென்ட் ரெயில்வே, அதாவது ரயில்வேச் சாமான், பெரும்பாலும் நாட்டின் பெயர் மாறிய 1972க்கு முந்தியது. காகத்தின் கால்தடம்போல மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடினால் பிரித்தானிய அரசின் சொத்து என்ற முத்திரை. இவை கண்ணுக்குத் தெரியாமல் கறளுக்குள் கிடக்கும். இரவில் லைட்டை அணைத்துவிட்டு போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து எழும்பி வரும். வராவிட்டால் சோக்கைத் தேய்த்துப் பாருங்கள்.

துப்புரவாக்கத்தான் வேண்டும் என்றால் மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறவிட்டு நைலோன் பிரஷால் தேய்த்தால் போதும். அசிட்டில் போடவே வேண்டாம்: முத்திரை கரையும், துவைச்சல் கொடுத்த, அதாவது சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய உருக்காக இருந்தால் உடைகிற குணமும் வரலாம். துடைத்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து இரும்பைத் தின்னும், கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று வேறு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தலை மடிந்து விரிந்த கருவியைச் சும்மா சோதித்துப் பார்க்கக்கூட அடிக்காதீர்கள். அந்த ஓரத்திலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணைத் துளைத்துப் போகும் வேகத்தில் வரும். பாவிக்கப் போகிறீர்கள் என்றால் மடிந்த ஓரத்தை அரைத்து எடுக்கத்தான் வேண்டும், கண்ணாடியும் போட வேண்டும். அலுமாரியில் வைக்கத்தான் என்றால் அதைத் தொடாமல் விடுங்கள்.

படம் அனுப்புகிறவர்கள் பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள், அடிப்பக்கத்தையும் துளையின் உட்பக்கத்தையும் தனித்தனியாக எடுங்கள், எடையைச் சொல்லுங்கள், எங்கே கிடந்தது, கூட என்ன கிடந்தது என்பதையும் எழுதுங்கள். லாடங்களோடு கிடந்த கூரான கம்பி வேறு, வண்டி அச்சோடு கிடந்தது வேறு. பழைய இரும்புக்காரர் ஏற்கனவே தராசோடு வாசலில் நிற்கிறார் என்றால், அவரை ஒரு கிழமை கழித்து வரச் சொல்லுங்கள்.